சுவருக்கு அந்தப் பக்கத்துச் சுதி

சபையில் அவளைச் சுதியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவாள்.

அந்தச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஐஸ் கம்பெனியின் பின்சுவரை ஒட்டிய நீளமான ஓர் அறை. முன்பு பழைய சாமான் போட்டு வைத்த இடம். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல்கள். மறுபக்கம் முழுவதும் கம்பெனியின் சுவர். எந்த வெயிலிலும் அதில் முதுகைச் சாய்த்தால் சில்லென்று இருக்கும். கோடையில் அந்த ஓரத்து இடத்துக்கு விசுவாசிகள் அடித்துக்கொள்வார்கள். குளிர் நாட்களில் புதிதாக வருகிறவர்களை அங்கே உபசரித்து உட்காரவைப்பார்கள்.

ஆர்மோனியமோ கீபோர்டோ அங்கே இல்லை. யாராவது ஒருவர் முதல் அடியை எடுத்துக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் மேலே எடுத்துவிட்டால் மூன்றாவது அடியில் ஆண்களுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் கீழே எடுத்துவிட்டால் பெண்கள் இருட்டில் செருப்புத் தேடுவது போலத் தடவுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தை அவள் தவறவிட்டதாக யாருக்கும் நினைவில்லை. எழுந்து நிற்பாள், கண்ணை மூடுவாள், தலையைச் சுவர்ப் பக்கம் லேசாகச் சாய்ப்பாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று எல்லாரும் காத்திருப்பார்கள். பிறகு முதல் சொல் வரும், சரியாக.

"இந்தம்மா தொண்டைக்குள்ள கர்த்தர் ஒரு சுதிப்பெட்டியை வச்சுத் தச்சுட்டார்" என்பார் பழக்கடைக்காரர்.

தையல்தான் அவள் தொழிலும். புதுத் துணி வெட்டித் தைப்பதில் அவளுக்கு விருப்பமில்லை. யாரோ தைத்ததைப் பிரித்து, அளவைத் திருத்தி, பழைய ஊசித் துளை தெரியாமல் மறுபடி தைத்துக் கொடுப்பாள். இளைத்தவர்களின் துணியும் பெருத்தவர்களின் துணியும் அவளிடம் வரும். இறந்தவர்களின் சட்டையைப் பிள்ளைகளுக்கு அளவாக்கித் தருவதும் உண்டு.

அவள் கணவர் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸர் ஓட்டுகிறவர். ஐஸுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. பெரும்பாலும் ஆராதனை நேரத்தில் அவருக்கு வேலை இருக்கும். ஆனால் பாட்டு தொடங்கி இரண்டு அடி போனதும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் சேர்ந்துகொள்ளும். கனத்த, கரகரத்த குரல், சரளை ஏற்றிய வண்டி திரும்புவது போல. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் சபைக்கு வர்றாரா வரலையா? கேக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்ல?" என்று பழக்கடைக்காரர் சீண்டுவார்.

"வர்றாருண்ணே. நடுவுல ஒரு சுவரு இருக்கு, அவ்வளவுதான்."

அதே குரல்தான் கணவருடைய அக்காவுக்கும். இளம் வயதிலேயே கணவனை இழந்து, அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். சுதியக்கா அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். அண்ணி சபைக்கு வருவாள், கடைசி வரிசையில் உட்காருவாள், வாயைத் திறக்கமாட்டாள். ஏன் என்று கேட்டால், "நான் பாடினா கர்த்தரே எழுந்து வெளியில போயிடுவார். பாவம், அவராவது இருக்கட்டும்" என்பாள். ஆனால் மற்றவர்களைப் பற்றிப் பேசும்போது அந்தத் தொண்டைக்கு எந்தக் கூச்சமும் கிடையாது.

ஒரு வேலைநாளின் நடுப்பகலில் கம்பெனியில் வால்வு ஒன்றிலிருந்து குளிரூட்டும் வாயு பீறிட்டது. அம்மோனியா. உள்ளே இருந்தவர்களை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு அவர் திரும்ப உள்ளே போனார். வால்வை மூடினார். தன் காலாலேயே நடந்து வெளியே வந்து, குழாயடியில் உட்கார்ந்து, "மூடியாச்சு" என்று சொல்லிவிட்டுச் சரிந்தார்.

அன்றே கம்பெனியும் நின்றது. கேட்டில் சங்கிலி போட்டார்கள். சபையில் பாதிப் பேருக்கு அந்தக் கம்பெனிதான் சோறு. அவர்கள் தினமும் காலையில் வழக்கம்போல் எழுந்து, குளித்து, எங்கே போவது என்று தெரியாமல் சங்கிலி போட்ட கேட்டின் முன்னால் வந்து நின்றார்கள்.

மருத்துவமனையில் அவரைப் பல நாள் வைத்திருந்து பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். "நுரையீரல் உள்ளே வெந்திருக்கும்மா. தேறலாம். தேறாமலும் போகலாம். இப்போ ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அந்த "இப்போ"வை அவள் ஆக்சிஜன் மெஷினோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீடு என்றால் ஓர் அறையும் சமையலறையும். ஜன்னலோரம் கட்டில். கட்டிலுக்குக் கீழே மெஷின், அதிலிருந்து அவர் மூக்குக்கு ஒரு குழாய். எதிர்மூலையில் அவளுடைய தையல் மெஷின். வந்த முதல் நாளிலேயே அவளுக்கு ஒன்று தெரிந்தது: தையல் மெஷின் ஓடினால் அவர் மூச்சு கேட்கவில்லை. மெஷினை மூடிப் போட்டாள். கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து கையாலேயே தைத்தாள். தையல் நெருங்கி நெருங்கி விழுந்தது, பிரிக்கவே முடியாதபடி. குளிக்கப் போனால் கதவைச் சாத்துவதில்லை. பாலைக் காய்ச்சும்போது ஒரு காது பால் பொங்கும் சத்தத்தில், ஒரு காது கட்டிலில். பால் பொங்கி வழிந்தது. இரவில் அவர் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டே படுத்தாள். கை ஏறும், இறங்கும். இறங்கியது மறுபடி ஏறும் வரை அவள் மூச்சும் நின்றிருக்கும்.

முழங்காலில் நிற்பதை அவள் விடவில்லை. "ஆண்டவரே" என்று தொடங்குவாள். அடுத்த சொல் வருவதற்குள் காது கட்டில் பக்கம் போய்விடும். எழுந்திருக்கும்போது என்ன கேட்டோம் என்றே நினைவிருக்காது. சபைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். யாரும் குறை சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது?

ஒரு நாள் பாஸ்டர் வந்தார். வாரநாட்களில் அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு, சாவிக்கொத்தும் கையுமாக அப்படியே வந்திருந்தார்.

"சபை எப்படி நடக்குது?" என்று கட்டிலிலிருந்து கேட்டார் கணவர். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்திக் கேட்டார்.

"சபை நடக்குது. பாட்டுதான் நொண்டுது. போன வாரம் பழக்கடை அண்ணன் எடுத்தாரு. எடுத்த எடுப்புலயே மாடி ஏறிட்டாரு. நாங்க எல்லாம் கீழ வாசல்லயே நிக்கிறோம். அவருக்கு எறங்கத் தெரியல, எங்களுக்கு ஏற முடியல."

கணவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. அவள் அவரைத் தூக்கி உட்காரவைத்து, முதுகைத் தடவி, குழாயைச் சரிசெய்து, அடங்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள். அடங்கியதும் பாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"இவரைச் சிரிக்க வைக்கத்தான் வேனை எடுத்துக்கிட்டு வந்தீங்களா?"

பாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "மன்னிச்சிடும்மா." தலைகுனிந்து ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டு, சாவிக்கொத்து சத்தம் போடாமல் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்.

"அவரை ஏன் கடிக்கிற?" என்றார் கணவர், வெகுநேரம் கழித்து. "நான் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு."

"சிரிச்சது போதும். படுங்க."

"ஞாயித்துக்கிழமை நீ போ."

"எங்க?"

"எங்கன்னு கேக்குறா பாரு. சபைக்கு."

"நான் போகல. நான் அங்க நின்னு பாடிக்கிட்டிருக்கும்போது இங்க உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா..."

"நீ பார்த்துக்கிட்டே இருந்தா மூச்சு நிக்காதா?"

அவள் கையிலிருந்த துணியில் ஊசியைக் குத்தினாள், இழுத்தாள்.

"உன்னைக் குத்தம் சொல்லல" என்றார். "ஆனா நீ பார்க்கிற பார்வையில இருக்கிற மூச்சும் தடுமாறுது. ஒவ்வொண்ணையும் உனக்குக் காட்டிட்டு விட வேண்டியிருக்கு."

அவர் அவளைப் போகச் சொன்னதைக் கேள்விப்பட்ட அண்ணி வாசற்படியிலிருந்தே ஆரம்பித்தாள். "போகட்டும் போகட்டும். புருஷன் மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கான், மகாராணிக்குப் பாட்டு கேக்குது." ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆளாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவள்தான். "என்ன நின்னுக்கிட்டிருக்க? போறதுன்னா போ. இவன் எனக்குத்தான் முதல்ல தம்பி, அப்புறம்தான் உனக்குப் புருஷன்."

சபை அறையில் எல்லாரும் இருந்தார்கள். வேலை போனவர்களின் முகங்கள் ஒரே மாதிரி ஆகிவிட்டிருந்தன. அவள் சுவரோரம் போய் நின்றாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. கண்ணை மூடினாள், தலையைச் சாய்த்தாள்.

ஒன்றுமில்லை.

இத்தனை வருஷமும் தான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ராப்பகலாக ஒரே சீராக இரைந்துகொண்டிருந்த கம்ப்ரஸர். அது அவள் காதில் விழுந்ததே இல்லை, அவ்வளவு பழகிய சத்தம். அந்த இரைச்சலின் மேல்தான் அவள் ஒவ்வொரு வாரமும் பாட்டைத் தூக்கி வைத்திருக்கிறாள். இப்போது சுவர் செத்துக் கிடந்தது.

எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் எடுத்தாள். பயம் முதலில் தொண்டைக்குத்தான் வருகிறது. பாட்டு எங்கோ உச்சியில் போய் உட்கார்ந்தது. இரண்டாவது அடியில் ஆண்கள் விட்டார்கள். மூன்றாவதில் பெண்களின் குரலும் கிழிந்து போனது. நிறுத்தினாள். மறுபடி எடுத்தாள். அதே உச்சி. யாரும் சிரிக்கவில்லை. பழக்கடைக்காரர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை கேலியாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"பாட்டை இன்னிக்கு வாசிச்சிடலாம்" என்றார் பாஸ்டர். வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல எல்லாரும் சேர்ந்து வாசித்தார்கள்.

முடிந்ததும் ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். கதவைத் தள்ளினால் அவர் தலையணையில் சாய்ந்திருந்தார். அண்ணி அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தா உன் புருஷன். சேதாரம் இல்லாம இருக்கான், பார்த்து வாங்கிக்க."

அவள் தரையிலேயே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கிடவில்லை.

"அது உன் தொண்டையில இல்ல" என்றார் பிறகு. "என் மெஷின்ல இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கல்யாணமான புதுசுலேர்ந்து தெரியும்." நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி தொடர்ந்தார். "பெரிய மெஷின் மட்டும் ஓடுற அன்னிக்கு நீ சரியா எடுப்பே. சின்னதும் கூட ஓடினா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். நீயும் தடுமாறுவே. அதனால ஆராதனை நேரத்துல சின்னதை நிறுத்திடுவேன். முடிஞ்சதும் போட்டுடுவேன்."

"எல்லா வாரமுமா?"

"ஐஸ் ஒண்ணும் உருகிடல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கவனிக்க ஆரம்பிச்சுடுவே. கவனிச்சா போச்சு."

அண்ணி காலைப் பிடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "அப்போ சபையே தலையில தூக்கி வச்சு ஆடின சுதிப்பெட்டி இவன்தானா! நல்லா இருக்குடி உங்க ஊழியம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "இப்போ மெஷின் இல்ல. நான் எங்கேயிருந்து எடுப்பேன்?"

"நான் பாடினா எதுவரைக்கும் போவேன்னு உனக்குத் தெரியும்ல? எனக்கு எட்டுற இடத்துல எடு. நான் சுவருக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன்னு வச்சுக்க."

மறுநாள் காலையில் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் எடுத்துப் பார்த்தாள். அவர் "ரொம்ப மேலே" என்று விரலால் காட்டினார். இறக்கினாள். இன்னும் கொஞ்சம் இறக்கினாள். அவர் தலையை ஆட்டினார். முதல் அடியைப் பாடினாள், இரண்டாவதைத் தொட்டாள், சட்டென்று நிறுத்தி அவர் நெஞ்சைப் பார்த்தாள். பாடும்போது அவர் மூச்சு கேட்கவில்லை. ஓர் அடி முடிகிற வரைக்கும் அது அவள் கையில் இல்லை. அவர் கையை அசைத்தார்: பாடு. பாடினாள். தேவனைத் துதிக்கும் சொற்கள். சின்ன வயதிலிருந்து வாயில் புரண்டவை. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓர் அடிக்கு மட்டும் அவரை விட்டாள். அடி முடிந்ததும் கண் திறந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. அடுத்த அடிக்கு மறுபடி விட்டாள்.

அதன்பின் தினமும் காலையில் அப்படித்தான். பயம் போய்விட்டது என்று யாரிடமும் அவள் சொன்னதில்லை. அது ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. பாடும்போது அதற்குக் காது கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். தையல் மெஷினின் மூடியைக் கழற்றினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனாள். சில வாரம் பாட்டு சரியான இடத்தில் நின்றது, சில வாரம் நழுவியது. நழுவினால் நிறுத்தி மறுபடி எடுத்தாள். மூன்றாவது அடியில் ஆண்கள் தாங்குகிறார்களா என்று காதைத் தீட்டிக் கேட்டாள். வேலையில்லாத அந்த ஆண்கள் தாங்கினார்கள்.

அவர் தேறவில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. அவர் சட்டைகளை அவளே பிரித்துச் சுருக்கினாள், மறுபடி சுருக்கினாள். டாக்டர் இப்போதெல்லாம் "இப்போ" என்று சொல்வதில்லை. காலையில் அவள் பாடும்போது முன்பு உதட்டை அசைப்பார்; பிறகு விரலை மட்டும்.

ஒரு முற்பகலில் அது நடந்தது. அவள் அப்போது பாடிக்கொண்டிருக்கவில்லை, தைக்கவில்லை, சமையலறையில் இல்லை. அவர் நெஞ்சின் மேல் கையை வைத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் நல்ல வெளிச்சம். கை இறங்கியது. ஏறுவதற்காகக் காத்திருந்தாள். பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.

மெஷின் மட்டும் குழாயில் காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தது. அண்ணி வந்துதான் அதை நிறுத்தினாள்.

கல்லறைத் தோட்டத்துக்குச் சபை முழுவதும் வந்தது. கம்பெனியில் அவர் வெளியே தள்ளிவிட்ட ஆட்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். குழியோரம் பாஸ்டர் ஜெபித்தார். அடுத்தது பாட்டு. அண்ணி முன்பே பாஸ்டரை ஓரம் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: "அவளைக் கேக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாள் வேற யாராவது எடுங்க. அவளும் மனுஷிதான்."

பழக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். யாரும் எடுக்கவில்லை. மண்வெட்டியோடு நின்ற ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் மண் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனசுக்குள் ஆண்டவரிடம் பேசினாள், ரொம்ப நாளுக்குப் பிறகு வார்த்தை அறுந்து போகாமல். "நான் கேட்டதை நீங்க தரல. ஏன்னு எனக்குத் தெரியல. இன்னும் ரொம்ப நாளைக்கு உங்ககிட்ட கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். ஆனா பாட்டு உங்களோடது. இவரைத் தந்தா பாடுறேன், எடுத்தா பாடமாட்டேன்னு நான் பேரம் பேசல."

கண்ணை மூடினாள். தலையைச் சாய்ப்பதற்கு அங்கே சுவர் இல்லை. சாய்த்தாள்.

எடுத்தாள். கீழே, மிகவும் கீழே. ஆண்களுக்கே அடித்தொண்டையைத் தேட வேண்டிய இடம் அது. பெண்கள் இரண்டு சொல் முயன்று பார்த்து விட்டுவிட்டார்கள். இரண்டாவது அடி இறங்கியபோது அவளுடைய குரலே தீர்ந்துபோனது. உதடுகள் அசைந்தன, காற்று மட்டும் வந்தது. இவ்வளவு தூரம் இறங்கியிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. பாட்டு விழப்போகிறது.

அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. கனத்த, கரகரத்த குரல், சரளை ஏற்றிய வண்டி திரும்புவது போல. அவள் கண் திறக்கப் பயந்து அப்படியே நின்றாள். திறந்தபோது, அண்ணி குழிக்குள் பார்த்துக்கொண்டு, கன்னம் நனைய, வாயை முழுதாகத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் ஏறினார்கள். மூன்றாவது அடி கிழியாமல் போயிற்று.

பாட்டு முடிந்தது. அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு கீழயா எடுப்பாங்க? கூறுகெட்டவளே."

"உங்களுக்கு எட்டுச்சா அண்ணி?"

அண்ணி குழியை ஒரு தரம் பார்த்தாள்.

"எட்டுச்சு" என்றாள்.

ஆட்கள் மண் தள்ளத் தொடங்கினார்கள்.